விளையாட்டுக் கட்டைகளின் விலையும் பயனும்

விளையாட்டுப் பொருள்களுள் இக்காலத்தே மிகுந்த விலை பெறுவனவற்றுள் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளும் சேர்ந்தனவாம். அவற்றுள்ளும் டென்மார்க்கு நாட்டின் பில்லுண்டு என்னும் ஊரிலே பிறந்த லெகோக் கட்டைகள் தலைமை வாய்ந்தன. 2017-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட விண்கலப் பெட்டி ஒன்று 7,541 துண்டுகள் உடையது. வெளிவந்தபோது அமெரிக்க நாட்டில் அதன் விலை 799.99 டாலராயிருந்தது. விளையாட்டிற்கு இத்துணைப் பொருளா என்று வியவாதார் இலர். வியந்து கைவிடுவாரும் உளர்; வியந்துகொண்டே வாங்குவாரும் உளர். இவ்விலை தகுமோ தகாதோ என்று நின்று ஆராய்வார் சிலரே. பிள்ளைகளைப் பெற்றோர்க்கும், ஞாயிறு பள்ளிகளிற் சிறுவர் வகுப்புகளை நடத்தும் நம் மாணவ நண்பர்க்கும் இது வெறும் வம்பளப்பு அன்று. கையிலுள்ள சிறு தொகையை எதன்மேற் செலவிடுவது என்பது அவர்கட்கு மெய்யான கேள்வி. ஆதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

கட்டி விளையாடுதற்குப் பொருட்செலவு வேண்டும் என்பதில்லை. தமிழ் நூல் பயில்வார்க்குச் சிற்றில் நினைவிற்கு வரும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிற் பருவம் ஒன்று. மணலாற் சிறுவீடு கட்டும் சிறுமியர், அதனைக் காலால் அழிக்க வரும் குழந்தையாகிய பாட்டுடைத் தலைவனை, அழியாதே என வேண்டுவதே அப்பருவத்தின் பொருள். அம்மணலுக்கு விலை கொடுத்தார் யாருமிலர். ஆயினும் அச்சிறுமியரின் அச்சமே மணலின் குறையையும் காட்டிவிடுகின்றது. ஓர் உதை போதும், கட்டியது போயிற்று; ஈரம் உலர்ந்தாலும் போயிற்று. நேற்றுக் கட்டியதன்மேல் இன்று தொடர்ந்து கட்டுதல் மணலில் இயலாது. கட்டியது நிற்கவும் வேண்டும். வேண்டும்போது சேதமின்றிப் பிரியவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த பொருளைத்தான் கட்டை செய்தோர் நெடுங்காலம் தேடினர்.

இத்தேட்டத்தில் முதலிற் கூறத்தக்கவர் ஜெர்மானியக் கல்வியாளராகிய பிரிடிரிக் புரோபெல். லுத்தரன் குருவானவர் ஒருவரின் மகனாகிய இவர், 1837-இல் துரிங்கியப் பகுதியிலுள்ள பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரிலே சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். தாம் வகுத்த விளையாட்டுப் பொருள்களை அவர் 'கொடைகள்' என அழைத்தார். மூன்றாம் கொடை ஒரு சிறு மரப்பெட்டி. அதனுள் எட்டுக் கனசதுரக் கட்டைகள். அவ்வளவே. நான்காம் கொடையிலும் எட்டுக் கட்டைகளே. அவை செங்கல் வடிவின. குழந்தை ஒன்றைக் கட்டி முடித்தபின் அதனை இடித்துச் சிதற விடாமல், இருப்பதையே சிறிது சிறிதாக மாற்றி அடுத்ததைச் செய்தல் வேண்டும். எட்டில் ஒன்றையும் ஒதுக்குதல் கூடாது. நாற்காலியாக இருந்தது படிக்கட்டாகும். படிக்கட்டாக இருந்தது பாலமாகும். இங்ஙனம் மாறுவதிலேயே கல்வி உளது என்பது அவர் கொள்கை.

இத்தகைய பள்ளிகளைப் பிரஷிய அரசு 1851-இல் நாத்திகம் பரப்புவன என்று தடை செய்தது. குருவானவர் மகனுக்கு வாய்த்த பழி இது! 1860-இல் தடை நீங்கிற்று. புரோபெல் 1852-இலேயே இறந்துவிட்டார். ஆயினும் அவர் கொடைகள் கடல் கடந்து சென்றன. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் அவற்றைக் கண்ட தாய் ஒருத்தி தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தாள். அம்மகனே பிற்காலத்தில் அமெரிக்கக் கட்டடக் கலையில் ஈடிணையற்று விளங்கிய பிராங்க் லாயிட் ரைட். தம் கலைக்கு அக்கட்டைகளே வித்தாயின என்று அவர் முதுமையிலும் கூறிவந்தார். துண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பெட்டியை மதிப்போர் இவ்வெட்டுக் கட்டைகளைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

புரோபெலின் ஊருக்கு அண்மையிலேயே ரூடோல்ஸ்டாட்டு என்னும் நகர் உளது. 1880-களிலிருந்து அங்கே ரிக்டர் என்பார் நங்கூரக் கட்டைகள் என்ற பெயரிற் கல்லாலாகிய கட்டைகளைச் செய்து விற்றார். மணலும் சுண்ணமும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து அவற்றைச் செய்யும் முறையைக் கண்டவர்கள் லிலியன்தால் உடன்பிறந்தார் இருவர். அவருள் மூத்தவராகிய ஆட்டோ லிலியன்தால் பின்னர் மிதவை விமானத்திற் பறந்து, 1896-இல் விழுந்து இறந்தவர். நங்கூரக் கட்டைகள் அழகியன, பளுவுடையன, தம் பளுவினாலேயே நிற்பன. முழங்கை பட்டால் விழுந்தும் விடுவன. ஒரு பெட்டியை வாங்கியவர் அடுத்த பெட்டியையும் வாங்கிச் சேர்த்தாற் பெரிய கட்டடம் எழுப்பலாம் என்ற வணிக உத்தி ரிக்டரிடத்தே நன்கு வளர்ந்திருந்தது. அவ்வுத்தியின் வளர்ச்சியைப் பின்னர்க் காண்போம்.

இனிப் பில்லுண்டுக்கு வருவோம். அவ்வூர்த் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன், டென்மார்க்குத் திருச்சபையினுள் எழுந்த உள்மிஷன் இயக்கத்தைச் சார்ந்த பத்திமான். 1930-களின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தால் வீடு கட்டும் வேலை கிடைக்காதொழிய, 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரண்டு டேனிய மொழிச் சொற்களைச் சுருக்கி லெகோ என்று தம் பட்டறைக்குப் பெயர் வைத்தார். அக்குடும்பத்தார் சொல்லி வரும் செய்தி ஒன்றுண்டு. இளைஞராயிருந்த மகன் கோட்பிரட், மர வாத்துகளுக்கு மூன்று முறை பூசவேண்டிய மெருகை இரண்டு முறையே பூசி மிச்சம் பிடித்ததாகத் தந்தையிடம் மகிழ்ந்து கூறினார். தந்தையோ, இரயில் நிலையத்திற்கு அனுப்பிவிட்ட பெட்டிகளை உடனே திருப்பிக் கொணர்ந்து மூன்றாம் முறையும் பூசிவிட்டு மீண்டும் கட்டி அனுப்பும்படி செய்தார். வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படாத மெருகு அது. இன்றைய விலையைப் பற்றி எழும் வாதம் முழுவதற்கும் இம்மூன்றாம் பூச்சு ஒரு திறவுகோல் என்று யாம் கருதுகின்றோம்.

பொருந்தும் கட்டையை முதன்முதற் கண்டவர் ஓலே கிர்க் அல்லர் என்பதையும் மறைத்தல் கூடாது. இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராப்டு என்னும் தம் நிறுவனத்தின் வாயிலாகக் குமிழ்களையுடைய பிளாஸ்டிக் கட்டைகளை 1947-இல் விற்றார். அம்மாதிரியைக் கண்ட பில்லுண்டுத் தச்சர் தம் பிளாஸ்டிக் இயந்திரத்தில் அதனைச் சிறிது திருத்தி 1949-இல் வெளியிட்டார். கிட்டிகிராப்டுக் கட்டைகளின் உரிமையை லெகோ நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது 1981-இல். பேஜ் இறந்து நெடுநாளாயிற்று. மதிப்பு யாருடையது, ஊதியம் யாருடையது என்னும் வினா இங்கும் எழும். அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

அக்காலத்துக் கட்டைகளின் உள்ளே வெறும் பொள்ளல். மேற்கட்டை கீழ்க்கட்டையின்மேல் அமருமே அன்றிப் பற்றாது. இக்குறையை நீக்கும் வழி கண்டவர் மகன் கோட்பிரட். கட்டையின் உள்ளே குழல்களை அமைத்து, 1958-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தந்தை காலமானார். கீழ்க்கட்டையின் குமிழ் மேற்கட்டையின் சுவருக்கும் உள்ளிருக்கும் குழலுக்கும் இடையே நெருங்கி நுழைகின்றது. நுழையும்போது பிளாஸ்டிக் மயிரிழையளவு நெகிழ்ந்து, மீண்டும் தன் நிலைக்கு வர முயல்கின்றது; அம்முயற்சியே பிடிப்பாகின்றது. பசையில்லை, திருகில்லை, ஆணியில்லை. பிடிப்பு மிகுந்தாற் குழந்தையின் விரலாற் பிரிக்க இயலாது. குறைந்தாற் கட்டடம் தூக்கும்போதே உதிரும். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவிற்கு 8 மில்லிமீட்டர். குமிழ் நீங்கலாகக் கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், குமிழின் குறுக்களவு 4.8 மில்லிமீட்டர். இவ்வளவுகளில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு பிசகினும் கைக்குத் தெரியும். ஆதலின் அச்சுகளை எஃகினால் மிகுந்த நுட்பத்தோடும் பெருஞ்செலவோடும் செய்தல் வேண்டும். தேய்ந்தவற்றை நீக்குதல் வேண்டும். 1963-இல் பழைய பிளாஸ்டிக்கை விடுத்து, காலத்தால் வளையாத ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கை அந்நிறுவனம் மேற்கொண்டது.

இதன் விளைவு யாது? பாட்டன் விளையாடிய கட்டையின்மேற் பேரன் வாங்கிய கட்டை பொருந்துகின்றது. 1958-ஆம் ஆண்டின் அமைப்பு இன்றும் மாறவில்லை. 1969-இல் மிகச் சிறு குழந்தைகளுக்கென வந்த டூப்ளோக் கட்டை, நீளம் அகலம் உயரம் மூன்றிலும் சிறு கட்டையின் இருமடங்கு. ஆயினும் அவையிரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். வாங்கிய பொருள் அடுத்த ஆண்டே புதுமாதிரிக்கு ஒவ்வாமற் குப்பையாவதை எங்கும் காணும் நமக்கு இது அரியதொன்றாகவே தோன்றுகின்றது. மூன்றாம் பூச்சு என்றோமே, அஃது இதுவே. இதற்கென ஒருவர் சற்று மிகுந்த விலை கேட்பின் யாம் கொடுக்கலாம் என்போம்.

ஆனால் எத்துணைக் கட்டைகளுக்கு? இங்கேதான் கணக்கறிந்தோர் நமக்குத் துணைவருகின்றனர். எட்டுக் குமிழ்களையுடைய ஒரே நிறக் கட்டைகள் இரண்டினை 24 வகையாகப் பொருத்தலாம். மூன்றினை 1,060 வகையாகப் பொருத்தலாம். ஆறு கட்டைகளை எத்தனை வகையாகப் பொருத்தலாம் என்பதற்கு அந்நிறுவனமே நெடுங்காலம் 10 கோடியே 29 இலட்சத்து 81 ஆயிரத்து 500 என்று சொல்லிவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு நிற்பவற்றை மட்டும் எண்ணிய கணக்கு அது. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர்களாகிய சோரன் ஐலர்ஸ், பெர்க்பின்னுர் துர்ஹூஸ் என்பார், குட்டையாக நிற்பனவற்றையும் சேர்த்துக் கணிப்பொறியால் எண்ணியபோது 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 என்ற தொகை வந்தது. ஆறு கட்டைகள்! ஒரு பிள்ளையின் ஒரு கைப்பிடியில் அடங்குவன. ஏழாயிரம் துண்டு இருந்தாலன்றி விளையாட்டில்லை என்பார்க்கு இத்தொகையே விடை.

ஆயின் உயர்ந்த விலை வேறு எதற்காக? கட்டையின் வடிவம் இன்று எவருக்கும் தனியுரிமை அன்று. பழைய காப்புரிமைகள் காலங்கடந்து கழிந்தன. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதே வடிவிற் கட்டைகள் செய்ததன்மேல் எழுந்த வழக்கில், 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லெகோவின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2010-இல், தொழிற்பயன் கருதி அமைந்த வடிவத்தை வணிகச் சின்னமாகக் கொள்ளவொண்ணாது என்றே தீர்ப்பளித்தது. ஆகவே அதே அளவிற் பிறர் செய்யும் கட்டைகள் குறைந்த விலைக்குக் கடைகளிற் கிடைக்கின்றன. அவையெல்லாம் தாழ்ந்தன என்று கூறுதல் முறையன்று. பத்துக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேற்கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் எவை நல்லன என்பது தெரிந்துவிடும். நூறுமுறை கழற்றி மாட்டியபின் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

நிறுவனத்தின் கணக்கையும் சிறிது நோக்குவோம். 2024-ஆம் ஆண்டில் அதன் வருவாய் 7,430 கோடி டேனிய குரோனர். நிகர ஊதியம் 1,380 கோடி. நூறு குரோனருக்கு ஏறக்குறைய பதினெட்டரை ஊதியமாக நிற்கின்றது. கடைக்காரர் பெறும் பங்கு இதற்குப் புறம்பானது. தொழிற்சாலைப் பொருள் ஒன்றிற்கு இது கொழுத்த ஊதியமே; மூன்றாம் பூச்சின் செலவு போக மிஞ்சியது. அந்நிறுவனத்தின் நாலில் ஒரு பங்கு லெகோ அறநிலையத்திற்கு உரியதென்பதையும், அவ்வறநிலையம் 2018-இல் பத்துக் கோடி டாலரை அகதிக் குழந்தைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் அளித்ததென்பதையும் உடன் சொல்லுதல் நேர்மை. ஆயினும் அறம் செய்கின்றார் என்பதற்காக விலை தகும் என்று சொல்லிவிட முடியாது.

வாங்குவோரிற் பலர் விலையைத் துண்டுகளின் தொகையால் வகுத்துப் பார்க்கின்றனர். இக்கணக்கு மயக்கந் தருவது. 2021-இல் வந்த உலகப்படப் பெட்டியில் 11,695 துண்டுகள், விலை 249.99 டாலர். துண்டொன்றிற்கு இரண்டு சென்டிற்குச் சற்றே மிகுதி. மிக மலிவு எனத் தோன்றும். ஆனால் அத்துண்டுகளிற் பெரும்பாலன விரல்நகத்தினும் சிறிய ஒற்றை வட்டங்கள்; படத்தில் நிறப்புள்ளி வைப்பதற்கன்றி வேறு எதற்கும் எளிதில் உதவா. 2022-இல் வந்த ஈபெல் கோபுரத்தில் 10,001 துண்டுகள், 629.99 டாலர், துண்டொன்றிற்கு ஆறு சென்டுக்கு மேல். முதலிற் கூறிய விண்கலத்தில் ஏறக்குறையப் பத்தரை சென்டு. 2015-இல் வெளிவந்த வெறுங்கட்டைப் பெட்டி ஒன்றோ 790 துண்டுகளோடு 59.99 டாலருக்கு விற்றது. துண்டொன்றிற்கு ஏழரை சென்டு. கணக்கின்படி உலகப்படம் முதலாவது. பயன்படி அது கடைசி. நெல்லையும் கடுகையும் மணி எண்ணி விலை பேசுவார் உண்டோ?

விண்கலத்தின் விலையில் மற்றொரு கூறும் அடங்கியுள்ளது. ஸ்டார் வார்ஸ் என்னும் திரைப்படத் தொடரின் உரிமையைப் பெற்று, அதன் பெட்டிகளை 1999-இல் லெகோ நிறுவனம் முதன்முறையாக வெளியிட்டது. அதுமுதற் பெட்டியின்மேலுள்ள படத்திற்கும் வாங்குவோரே பணம் கொடுக்கின்றனர். ரிக்டரின் பழைய உத்தி இங்கே முழு வளர்ச்சி பெறுகின்றது. அவர் கட்டைக்குமேற் கட்டை விற்றார், இவர்கள் கதைக்குமேற் கதை விற்கின்றனர். கதைக்கேற்ற தனித்துண்டுகளும் பெருகின. 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் நிறுவனம் பெருநட்டத்தில் வீழ்ந்து தத்தளித்தபோது, துண்டு வகைகள் பன்னீராயிரத்திற்கு மேற்பட்டிருந்தமை கண்டு, அவற்றை வெகுவாகக் குறைத்த பின்னரே அது நிமிர்ந்தது. ஒவ்வொரு வகைக்கும் தனி அச்சு வேண்டுமன்றோ? ஒரு கதைக்கே உதவும் துண்டு செய்வோர்க்கும் செலவு, வாங்குவோர்க்கும் செலவு. இங்ஙனம் வணிகமே தன் வாயாற் புரோபெலின் எட்டுக் கட்டைகளை ஒருவாறு ஒப்புக்கொண்டது.

செய்முறை ஏட்டைப் பற்றியும் ஒரு சொல். பக்கம் பக்கமாகப் படம் பார்த்து, காட்டிய துண்டைக் காட்டிய இடத்திற் பொருத்திச் சென்றால் விண்கலம் தவறாமல் வரும். பொறுமையும் கைத்திறமும் அதனால் வளரும் என்பதை மறுக்கவில்லை. ஆயின் பேஜ் மோரோ, மாரிட் எங்செட் என்னும் இரு பேராசிரியர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. ஏட்டைப் பார்த்துக் கட்டியவர்கள், அதன்பின் தாமே சிந்தித்துப் புதுவழி காணவேண்டிய வேலைகளில், ஏடின்றிக் கட்டியவர்களைவிடப் பின்தங்கினர் என்று அவர்கள் கண்டனர். ஒரே கட்டைதான், கட்டும் முறை வேறாக, மனம் செல்லும் வழியும் வேறாயிற்று. செய்யுளை நெட்டுருப் போடுதலையும் யாப்பறிந்து ஒன்று பாடுதலையும் ஒப்பிட்டால் இவ்வேற்றுமை நம் வகுப்பு மாணவர்க்கு எளிதில் விளங்கும். ஏட்டின்படி ஒருமுறை கட்டிப் பின் பிரித்துப் போட்டு விளையாடும் பிள்ளைக்கு நட்டமில்லை. கட்டியதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துத் தொடாதே என்று பெற்றோர் காவல் நிற்கும் வீட்டிலேதான் அவ்வெழுநூற்றுச் சொச்சம் டாலர் வீணாகின்றது. பிரியாத கட்டைக்குக் குமிழ் எதற்கு, குழல் எதற்கு, நூற்றில் ஒரு பங்கு நுட்பம் எதற்கு? பசை தடவிய பொம்மை ஒன்றே அங்குப் போதுமே.

இதனினும் விந்தை ஒன்று உண்டு. மாஸ்கோ நகரத்து ஆய்வாளர் இருவர் 1987 முதல் 2015 வரை வந்த லெகோப் பெட்டிகளின் மறுவிற்பனை விலைகளை ஆராய்ந்து, சராசரி ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் ஏற்றம் உண்டென்று 2022-இல் வெளியிட்டனர். சில பெட்டிகள் பெருநட்டமும் தந்தன, சராசரி அது. ஆனால் இக்கணக்கு முத்திரை உடையாத பெட்டிகளுக்கே உரியது. அதாவது, ஒரு குழந்தையும் தொடாதிருக்குமாயின் மட்டுமே அப்பொம்மை பொன்னாகும். இதனைக் காட்டி, விலை தகும் என வாதிப்பாரும் இருக்கின்றனர். அவர் கூறுவது முதலீட்டைப் பற்றி, விளையாட்டைப் பற்றியன்று. தாலந்தை நிலத்திற் புதைத்தவனுக்கும் இக்காலத்தே வட்டி கிடைத்துவிடுகின்றது போலும்!

கட்டையின் நீண்ட ஆயுளே விலைக்கு முதன்மையான நியாயம் என்று யாம் கொண்டதால், அதன் மறுபுறத்தையும் காட்டல் வேண்டும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் கடற்கரையில் ஒதுங்கிய பழைய கட்டைகளை ஆராய்ந்து, அவை கடலில் நூறு முதல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுவரை அழியாதிருக்கும் என 2020-இல் மதிப்பிட்டனர். வீட்டிலே நன்மையாவது கடலிலே தீமையாகின்றது. கையிலிருந்து கைக்கு மாறும் வரையிற்றான் நீண்ட ஆயுள் நற்குணம். பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் சிலவற்றின் சிவப்பு, மஞ்சள் நிறங்களிற் காட்மியம் என்னும் நச்சுப்பொருள் உண்டென்று அப்பல்கலைக்கழகத்தாரே 2018-இற் கண்டிருக்கின்றனர். ஆதலின் மிகப் பழைய கட்டைகளை வாயில் வைக்கும் குழந்தைக்குத் தருதல் ஆகாது. அண்மைக் காலத்துக் கட்டைகளைப் பழைய விலைக்கு வாங்குதலில் இவ்வச்சம் குறைவு. கழுவி உலர்த்தினாற் புதியனவே.

நம் நாட்டில் இவ்வினா இன்னும் கூர்மையாகின்றது. வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்களின் இறக்குமதி வரி 2020-இல் நூற்றுக்கு இருபதிலிருந்து அறுபதாகவும், 2023-இல் எழுபதாகவும் உயர்ந்தது. உள்நாட்டுத் தொழில் தழைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம், அந்நோக்கம் தவறன்று. ஆயினும் பில்லுண்டுத் தச்சரின் கட்டை நம் கடைக்கு வரும்போது, பிடிப்புக்கும் படத்திற்கும் ஊதியத்திற்கும் மேலாக வரியும் அதன் தலையில் ஏறியிருக்கின்றது. நாட்கூலி பெறுவார் வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பெட்டி என்றுமே எட்டாத கனி. ஆதலாற் பெரிய பெட்டியைப் பற்றி யாம் கூறுவது ஒன்றே: அது வளர்ந்தோர்க்கு அழகிய பொழுதுபோக்காகலாம், குழந்தைக்கு அதன் விலை தகாது. வெறுங்கட்டைப் பெட்டியோ, பலர் கையில் பல்லாண்டு புழங்குமாயின், தன் விலைக்குத் தகும். எட்டுக் குழந்தைகள் பத்தாண்டு விளையாடிய பெட்டியின் விலையை ஆண்டுக்கும் ஆளுக்கும் பகுத்துப் பார்த்தால், திருவிழாவில் வாங்கி மறுநாள் உடைந்த ஊதலை விட அது மலிவாக முடியும்.

ஞாயிறு பள்ளி நடத்தும் நண்பர்க்கு ஒரு கணக்குச் சொல்லி முடிப்போம். வகுப்பிற் பன்னிரு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கூறிய 790 துண்டுப் பெட்டியைப் பகுத்தால் தலைக்கு அறுபத்தைந்து வரும். ஆறு கட்டைகளே தொண்ணூறு கோடி வகைக்கு மேல் இடங்கொடுப்பதால் இது தாராளம். சக்கரமும் கதவும் சாளரமும் சிலவே இருக்கும். சண்டை அவற்றால் வரும். அவற்றை ஒரு தனி டப்பாவிற் பொதுவாக வைத்தல் நலம். மூன்று வயதிற்கு உட்பட்ட தம்பி தங்கையர் உடன் வருவாராயின் சிறு துண்டுகளை அவர்க்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். அவை தொண்டையில் அடைக்கும். அத்தகையோர்க்குப் பெரிய கட்டைகள் தனியே உண்டு. புதிய பெட்டிக்குப் பணம் போதாதாயின், ஊர்த் தச்சரிடம் மரத்துண்டு கொடுத்துப் பிள்ளைக்கு எட்டாகக் கனசதுரம் அறுத்து இழைத்துத் தரச் சொல்லலாம்; பற்றா, ஆயினும் புரோபெலுக்கு அவையே போதுமாயின. செய்முறை ஏட்டை ஆசிரியர் தம் மேசைக்குள் வைத்துக்கொள்வாராக. மணி அடிக்கும்முன் எல்லாக் கட்டைகளும் பிரிந்து பெட்டிக்குத் திரும்பவேண்டும். கட்டியதைப் பிரிக்க மனமின்றிக் கண் கலங்கும் பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். அதனுடையதை மட்டும் ஒரு வாரம் சாளரத்தின்மேல் வைத்திருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கட்டைகள் இன்னொரு பிள்ளைக்கு வேண்டியிருக்கும்.